கைக்கு எட்டாத தூரத்தில் ஒரு மயில்

மயில் மனிதரிடம் பழகுமா என்று கேட்டால், பழகும் என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பண்ணை வீடுகளில் மயில் வளர்க்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். தீவனப் பாத்திரத்தைத் தட்டியதும் ஓடிவரும் மயில், சன்னல் கண்ணாடியைக் கொத்தி இரை கேட்கும் மயில், உள்ளங்கையில் வைத்த தானியத்தைப் பொறுக்கும் மயில் எல்லாம் அங்கே சாதாரணம். நம் கிராமங்களிலும், வயலில் கிடந்த முட்டையை அடைக்கோழியின் கீழ் வைத்துப் பொரித்த குஞ்சு வீட்டுக்காரர் பின்னாலேயே திரிந்த கதையைச் சொல்வார்கள். ஆனால் மனிதரைக் கண்டு மிரளாமல் இருப்பது வேறு. மனிதரையே தன் இனமாக எண்ணி வளர்வது வேறு. முதலாவது மயிலுக்கும் நல்லது, வளர்க்கிறவருக்கும் நல்லது. இரண்டாவது இருவருக்குமே கேடு. மயில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது இந்த இரண்டாவதைத்தான். தோளில் வந்து உட்கார வேண்டும், கூப்பிட்டால் மடியில் ஏற வேண்டும் என்று விரும்புகிறார்கள். மயிலைப் பொறுத்தவரை அந்த நெருக்கத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை மிக அதிகம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவது நல்லது. 1963-இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது சுட்டுக் கொல்வதை மட்டும் குறிப்பதில்லை. பிடிப்பதும் வேட்டைதான், பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான். குற்றம் நிரூபிக்கப்பட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரை போகக்கூடிய சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. தானாக உதிர்ந்த தோகையை எடுத்து வைத்துக்கொள்வதற்கு மட்டும் நாட்டுக்குள் தடையில்லை. ஆகவே இந்தியாவில் வீட்டில் மயில் வளர்ப்பதற்கு வழியே இல்லை. இது வெறும் அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைப்பவர்கள் உண்டு. மயிலின் இயல்பைச் சற்று உள்ளே போய்ப் பார்த்தால், அந்தத் தடைக்குள் பறவையின் நலனும் அடங்கியிருப்பது தெரியும்.

மயிலை வளர்க்கும் முயற்சி நேற்று தொடங்கியதல்ல. நம் நாட்டிலிருந்து மேற்கே போன மயில், ரோமானியர் காலத்தில் பண்ணைப் பறவையாகவே இருந்தது. ரோமானிய எழுத்தாளர் வர்ரோ தம் வேளாண்மை நூலில் மயிலுக்கென்று ஒரு பகுதி எழுதினார். மயில்களைக் கொழுக்க வைத்து விற்று ஆண்டுக்கு 60,000 செஸ்டர்ஸ் நாணயம் சம்பாதித்த ஒருவரைப் பற்றியும் அதில் சொல்கிறார். அவருக்குப் பின் வந்த கொலுமெல்லா, மயில் முட்டையைக் கோழிக்கு வைத்து அடைகாக்கும் முறையை விவரித்தார். காடு அடர்ந்த சிறு தீவுகளில் விட்டால் மயிலைக் காவல் காக்கும் வேலை மிச்சம் என்றும் எழுதினார். அப்புறம் இடைக்கால அரண்மனை விருந்துகளில் மயில் இறைச்சி பெருமைக்குரிய பண்டமாக இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வான்கோழி வந்த பிறகுதான் அந்த இடம் மெல்லக் கைமாறியது. இப்படி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மனிதர் கையில் இருந்தும் மயில் மாறியது மிகக் குறைவு. சார்லஸ் டார்வின் இதைக் கவனித்தார். வளர்ப்பில் மிகக் குறைவாக மாறிய பறவைகளில் மயிலும் ஒன்று என்றும், வெள்ளையாகவோ திட்டுத் திட்டாகவோ நிறம் மாறுவதைத் தவிரப் பெரிய வேறுபாடு எழவில்லை என்றும் பதிவு செய்தார். 1859-இல் வெளியான நூலில் அதற்குக் காரணமும் தந்தார்: மயிலை வளர்த்தெடுப்பது எளிதல்ல, பெருங்கூட்டமாக யாரும் வைத்திருப்பதும் இல்லை, அதனால் வேண்டியதைப் பொறுக்கி அடுத்த தலைமுறைக்கு விடும் வேலை நடக்கவே இல்லை. கோழிக்கு நடந்தது அந்த வேலைதான். பண்ணையில் பிறந்த மயிலும் உள்ளுக்குள் காட்டுப் பறவையாகவே இருப்பதற்குக் காரணம் இதுவே.

அப்படியென்றால் குஞ்சிலிருந்தே கையில் வளர்த்தால் அந்தக் காட்டுக் குணம் போய்விடாதா? இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு விடை குஞ்சின் முதல் நாட்களில் இருக்கிறது. பேடை சுமார் 28 நாள் அடைகாத்துப் பொரிக்கும் குஞ்சு, கண் திறந்து, மெல்லிய தூவியோடு, சிறகில் இறகு முளைத்தே வெளியே வருகிறது. ஓரிரு நாளில் தாயின் பின்னால் ஓடுகிறது. இரண்டு வாரத்துக்குள் சற்று உயரம் பறந்து ஏறவும் செய்கிறது. இரை எடுப்பதில் கோழிக்குஞ்சுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோழிக்குஞ்சு தரையைக் கொத்தும். மயில் குஞ்சோ தாயின் அலகு நுனியை அண்ணாந்து பார்த்து நிற்கும். பேடை ஒரு பூச்சியைப் பிடித்து அலகில் வைத்துத் தலையைத் தாழ்த்தும். குஞ்சு எட்டி அதை எடுத்துக்கொள்ளும். தாயில்லாத குஞ்சைத் தனியாக ஒரு பெட்டியில் விட்டால், தட்டு நிறையத் தீவனம் இருந்தாலும் தின்னத் தெரியாமல் பட்டினி கிடப்பது உண்டு. அதனால்தான் அனுபவப்பட்ட பண்ணைக்காரர்கள் கொத்திக் காட்டுவதற்கென்று கூடவே ஒரு கோழிக்குஞ்சை விடுகிறார்கள், அல்லது விரல் நுனியில் இரையை வைத்து நீட்டுகிறார்கள். விரல் நீட்டிய அந்தக் கணத்தில் குஞ்சுக்கு அந்த விரல் அலகாகிறது, விரலுக்குரியவர் தாயாகிறார். கையில் வளர்ந்த மயிலின் பாசத்துக்கு வேர் இதுதான். அது நம்மைத் தேர்ந்தெடுத்து நேசிக்கவில்லை. வேறு யாரும் இல்லாத இடத்தில் நம்மைத் தாயாகப் பதிய வைத்துக்கொண்டது.

இந்தப் பதிவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு, பறவைகளின் நடத்தையை ஆராய்ந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் எழுதிய ஒரு செய்தியை விடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய நாட்களில் வியன்னாவின் ஷோன்ப்ரூன் விலங்குக் காட்சிச்சாலையில், குளிரில் கூடப் பிறந்தவை எல்லாம் இறந்துபோக, ஒரு வெள்ளை மயில் குஞ்சு மட்டும் மிஞ்சியது. அதைக் காப்பாற்ற, அங்கே மிகவும் கதகதப்பாக இருந்த அறையில் வைத்தார்கள். அது ராட்சத ஆமைகளின் அறை. குஞ்சு பிழைத்தது, வளர்ந்தது, தோகையும் வந்தது. ஆனால் அந்த மயில் தன் வாழ்நாள் முழுவதும் ராட்சத ஆமைகளையே இணையாக நாடியது. எத்தனை அழகான பேடைகளைக் கொண்டுவந்து விட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. காப்பாற்றியவர்கள் மீது குற்றமில்லை, அவர்களிடம் வேறு அறை இல்லை. ஆனால் வீட்டில் ஒற்றைக் குஞ்சைக் கையில் வைத்து வளர்க்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ அந்த ஆமையின் இடத்தில் தம்மை வைத்துக்கொள்கிறார்.

பேடைக் குஞ்சு என்றால் இதன் விளைவு பெரும்பாலும் சாதுவாகவே போய்விடும். ஆணாக இருந்தால் மூன்றாம் வயதில்தான் விஷயம் வெளியே வரும். அதுவரை குழந்தைகளோடு விளையாடிய மயில், தோகை நிறைந்து இணை தேடும் பருவம் வந்ததும் வீட்டு மனிதர்களைப் பார்த்துத் தோகை விரித்து ஆடத் தொடங்கும். பார்க்கிறவர்கள் மகிழ்ந்துபோவார்கள். அடுத்து என்ன நடக்கும் என்பதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள். தன் இனம் என்று நினைத்த மனிதரில் ஒருவரை இணையாகவும் மற்றவரைப் போட்டி ஆணாகவும் அந்த மயில் நடத்தத் தொடங்கும். போட்டி ஆணைக் கண்டால் மயில் எழும்பிக் காலை முன்னே நீட்டி அடிக்கும். அதன் காலில் சேவலுக்கு இருப்பது போல் கூர்மையான முள் இருக்கிறது. நாலைந்து கிலோ எடையுள்ள பறவை பாய்ந்து அடிக்கும்போது பெரியவருக்குத் தொடையில் காயம். சிறு குழந்தைக்கு முகத்தில், கண்ணில். பளபளப்பான கார் கதவில் தன் உருவத்தையே எதிரி என்று எண்ணி அலகு உடைய மோதும் பறவை அது, மனிதரிடம் மட்டும் நிதானம் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. காட்டில் பிடித்துக் கூண்டில் விட்ட மயிலிடம் இந்த ஆபத்து கிடையாது, ஏனென்றால் அது மனிதரைக் கண்டால் விலகி ஓடும். மிகவும் செல்லமாக வளர்ந்த ஆண் மயிலே மிகவும் ஆபத்தானது என்பது கேட்க முரணாகத் தோன்றும். ஆனால் பயம் நீங்கிய பின் அதைத் தடுத்து நிறுத்த வேறு எதுவும் இல்லை.

சட்டம் அனுமதிக்கும் நாடுகளில், தலைமுறை தலைமுறையாகப் பண்ணையிலேயே பிறந்த மயில்களைத் திரும்பக் காட்டுக்கு அனுப்ப முடியாது. அவற்றை நன்றாகப் பார்த்துக்கொள்வது அங்குள்ளவர்களின் கடமை. அங்கே தேர்ந்தவர்கள் செய்யும் முறையைப் பார்த்தால், அவர்கள் பழக்குவது கொஞ்சம்தான், பொறுத்திருப்பதே அதிகம் என்று தெரிகிறது. புதிதாக வந்த மயிலை வாரக்கணக்கில், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம், தோகை விரித்துச் சுற்றினாலும் கம்பியில் படாத அளவு அகலமான அடைப்பில் வைப்பார்கள். அதற்குள் திறந்துவிட்டால் பறந்துபோய்விடும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே பாத்திரத்தில், ஒரே ஆள் தீவனம் கொண்டுபோவார். முதல் நாட்களில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். பிறகு சற்றுத் தள்ளி உட்காருவார். இரண்டு கண்ணாலும் நேராக முறைத்துப் பார்ப்பது வேட்டை விலங்கின் வேலை என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவார். மயில் கழுத்தை நீட்டி ஒரு அடி வைத்து, பின்வாங்கி, மறுபடி ஒரு அடி வைக்கும். அந்த அடியை அதுவே வைக்க வேண்டும். நாம் எழுந்து ஒரு அடி முன்னால் போனால் ஒரு வாரத்து வேலை வீண். உலர்ந்த புழு, திராட்சை போன்ற விருப்பமான தின்பண்டத்தைத் தூவி, நாள் செல்லச் செல்லத் தூவும் தூரத்தைக் குறைப்பார்கள். கடைசியில் கையிலிருந்தே எடுக்கும். இங்கே ஒரு விதி உண்டு, மீறவே கூடாதது: உணவு நீட்டிய கையால் அதே வேளையில் பறவையைப் பிடிக்கக் கூடாது. ஒரு முறை அப்படி ஏமாந்த மயில் அதை மறக்காது.

ஆனால் எந்த மயிலையும் எப்போதாவது பிடித்துத்தான் ஆக வேண்டும், காயத்துக்கு மருந்து போட, பூச்சி மருந்து கொடுக்க, இடம் மாற்ற. அதற்கு நேரம் இரவு. மயிலுக்கு இருட்டில் பார்வை மங்கல். உயரத்தில் அடைந்திருக்கும்போது அசையாமல் இருக்கும். பகலில் துரத்திப் பிடிப்பது கொடுமை மட்டுமல்ல, ஆபத்தும் கூட: ஓடி ஓடிக் களைத்த பறவை, பிடித்த பிறகு தசை செயலிழந்து இறந்துபோவது உண்டு. பிடிக்கும்போது இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்து ஒரு கையால் அணைத்து, மறு கையால் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, மார்பின் கனத்தை நம் கைமேல் தாங்க வேண்டும். தலையில் ஒரு இருண்ட துணியைப் போட்டால் படபடப்பு அடங்கும். ஒற்றைச் சிறகையோ ஒற்றைக் காலையோ பிடித்துத் தூக்கினால் எலும்பு முறியும். தோகையைப் பிடித்தால் பறவை கையில் நிற்காது, தோகைதான் நிற்கும். வேட்டை விலங்கின் வாயில் இறகை மட்டும் விட்டுத் தப்பிக்கும்படி அமைந்த உடல் அது. இத்தனையும் ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அங்குள்ள நல்ல வளர்ப்பாளர் பல நாள் பழக்குவது மயிலைத் தூக்கிக் கொஞ்சுவதற்காக அல்ல. இந்த ஐந்து நிமிடம் அதிகப் பயமில்லாமல் கழிய வேண்டும் என்பதற்காகவே.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கழுகும் நாயும் கீரியும் சூழ்ந்த இடத்தில் கிடக்கும் முட்டையை எடுத்துப் பொரித்து வளர்ப்பது கருணை இல்லையா, விட்டுவிட்டு வருவதா தர்மம்? கேட்கிறவரின் மனம் நல்ல மனம்தான். ஆனால் கைவிடப்பட்டது என்று நாம் நினைக்கும் முட்டை பெரும்பாலும் கைவிடப்பட்டதல்ல. பேடை தரையில், புதர் ஓரத்திலோ பயிர் மறைவிலோ, ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று முட்டையிட்டு, நாலைந்து சேர்ந்த பிறகே அடையில் உட்காரும். அதுவரை முட்டை தனியாகத்தான் கிடக்கும். அடையில் உட்கார்ந்த பிறகும் இரைக்காக எழுந்துபோகும். அந்த நேரத்தில் பார்த்தவர் அனாதை முட்டை என்று எடுத்துவந்துவிடுகிறார். எடுத்துவந்து அடைக்கோழிக்கு வைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. கோழியின் குடலில் இருக்கும் ஒரு வகைப் புழுவின் முட்டைகளுக்குள் தங்கி, மண்ணில் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும் நுண்ணுயிரி ஒன்று, மயிலுக்கும் வான்கோழிக்கும் ஈரலைத் தின்னும் நோயைக் கொண்டுவருகிறது. கோழி அதைச் சுமந்துகொண்டே நலமாக இருக்கும், மயில் குஞ்சு மஞ்சள் நிறக் கழிச்சல் கண்டு சாகும். தப்பிப் பிழைத்த குஞ்சுக்கும் கரையானை எங்கே தேடுவது, பருந்தின் நிழலைக் கண்டதும் எப்படிப் பதுங்குவது, இரவில் எந்தக் கிளையில் அடைவது என்று சொல்லித் தரத் தாய் இல்லை. நாய்க்கும் மனிதருக்கும் பயப்படாத மயில் திறந்தவெளியில் நெடுநாள் பிழைக்காது.

இன்னொரு மறுப்பும் உண்டு: அமெரிக்கர் வளர்க்கலாம், மயிலுக்குச் சொந்த மண்ணில் பிறந்த நாம் வளர்க்கக் கூடாதா? அங்கே அன்போடு வளர்த்தவர்களுக்குக் குறைவில்லை. எழுத்தாளர் ஃப்ளானரி ஓ’கானர் 1952 முதல் ஜார்ஜியா மாநிலத்தின் மில்லெட்ஜ்வில் ஊரருகே தம் தாயின் பண்ணையில் மயில் வளர்த்தார். எண்ணிக்கை நாற்பதைத் தொட்டது. 1961-இல் அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, மயில் மீது தீராக் காதல் கொண்டவர் எழுதியது. அதில்கூட மயில்கள் தாயின் பூச்செடிகளைத் தின்று தீர்த்ததும், தோகையைப் பார்க்க வந்தவர்களுக்காக அவை எளிதில் ஆடாததும்தான் மனதில் நிற்கும். அவர் மயிலை அடக்க முயலவில்லை. பண்ணையை மயிலுக்கு விட்டுக்கொடுத்தார். எல்லோரிடமும் அப்படி விட்டுக்கொடுக்க இடமில்லை. லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பண்ணையார் கொண்டுவந்து விட்ட மயில்களின் சந்ததி இன்று தெருக்களில் பெருகிக் கிடக்கிறது. இரவெல்லாம் அகவல், கூரையில் சேதம், காரில் கீறல். அவற்றுக்குத் தீனி போடுவதைத் தடுக்க 2021-இல் அந்த மாவட்டம் விதி கொண்டுவர வேண்டியதாயிற்று. மயில் வளர்ப்பதில் அந்நாடுகள் நமக்கு முன்மாதிரி என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் மயிலோடு நெருங்கி வாழ வேறு வழி ஏற்கெனவே இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையில், முருகன் கோயில் குன்றைச் சுற்றியுள்ள பாறையிலும் முட்காட்டிலும் மயில்கள் தாமாகவே வாழ்கின்றன. படியேறும் பக்தரைக் கண்டு அலறி ஓடுவதில்லை, கையில் பிடிபடுவதும் இல்லை. சங்க காலத்துப் பேகன் குளிரில் மயில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைப் போர்த்தினான் என்பது எல்லோருக்கும் தெரியும். மயிலை அரண்மனைக்குத் தூக்கிவந்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உழவர்களின் துயரத்தை இங்கே மறைக்கக் கூடாது. நிலக்கடலையும் நாற்றும் தக்காளியும் மயிலால் அழிவது உண்மை. இழப்புக்கு உரிய ஈடு விரைவாகக் கிடைக்க வேண்டும். அந்தச் சுமையை இன்னும் கூட்டுவது, மாடியிலும் வாசலிலும் நாள் தவறாமல் தானியம் போட்டு மயில்களை வீட்டுப் பக்கம் இழுத்துப் பழக்கும் வேலை. மனிதரைக் கண்டு பயம் போன மயில் பக்கத்து வயலுக்கும் பயமில்லாமல்தான் போகும். அங்கே விஷம் வைத்தவர் கையில் சாவதும் அதுதான்.

ஆகவே உழும்போதோ அறுக்கும்போதோ மயில் முட்டைகளைக் கண்டால் கையால் தொடாதீர்கள். சுற்றிலும் சில அடி நிலத்தை ஒரு மாதம் அப்படியே விட்டுவையுங்கள், நாயைக் கட்டிப் போடுங்கள், பேடை திரும்பி வரும். அடிபட்ட மயிலோ தாயைப் பிரிந்த குஞ்சோ கிடைத்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டாக, அமைதியாக வைத்து, அன்றைக்கே வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். ஊட்டி வளர்க்கவோ பெயர் வைக்கவோ வேண்டாம்.